முக்கால் கப் மாவு

கஞ்சிக் கிண்ணங்களுக்கு நடுவே கோப்பு வந்து விழுந்தது. பால் சிந்தியது.

“ஏழு வயசுப் பையன் பின்னத்தை வகுத்தானாம்! அதுவும் இவ்வளவு அழகான கையெழுத்துல! யாருக்குக் காது குத்துற, லோர்னா?”

கொரின், லோர்னாவின் கணவனுக்கு அக்கா. ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் கோப்பில் வருடத்துக்கு ஒருமுறை அவள் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பஸ்ஸில்.

“கால்வின் போட்ட கணக்குதான், அண்ணி. அவன் சொல்லச் சொல்ல அடேல் எழுதினா.”

“அடேலுக்குப் பதிமூணு வயசு. அவ கணக்கைத் தம்பி பேர்ல சேர்த்துட்டேன்னு நேராச் சொல்லேன்! எல்லாரையும் ஒரே மேஜையில போட்டுக் குழப்பினா இப்படித்தான்.”

கணவன் வெண்டெல் காபியோடு ஜன்னலருகில் நின்றான். வெளியே பனி.

“செஞ்சிருந்தா சொல்லிடு லோர்னா… அக்கா வெளியில சொல்ல மாட்டா.”

லோர்னா அவன் பக்கம் திரும்பினாள். இவனுமா!

“ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு ஒன்பது வருஷமா இந்த மேஜையில கிடக்கேன். ஒரே ஒரு நாள்… நீங்க இங்க உட்கார்ந்திருந்தா இதைக் கேட்டிருப்பீங்களா?”

அவன் காபியைப் பார்த்தான்.

“நான் கேட்கிறேன்,” என்றாள் கொரின். “கால்வின், இங்க வா. மூணே முக்காலை முக்காலால வகு.”

பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை. அவன் மாவு டப்பாவையும், அளக்கிற முழுக் கப்பையும் முக்கால் கப்பையும் எடுத்து வந்தான். மூன்றே முக்கால் கப் மாவைப் பாத்திரத்தில் கொட்டினான். பிறகு அதிலிருந்து முக்கால் கப்பால் அள்ளி அள்ளி மேஜைமேல் குவித்தான். ஐந்து வயது ஐரிஸ் வழக்கம்போல ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு கோடு போட்டாள்.

“அஞ்சு, அத்தை. அடேலுக்கு அம்மா கணக்குச் சொல்லித் தரும்போது ரொட்டிக்கு மாவு அளக்குறது நான்தான். அவளுக்கு முன்னாடி எனக்கு விடை வந்துடும்.”

“பொய்! ஒரு தடவைதான்!” என்றாள் அடேல்.

கொரின் குவியல்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கண் கலங்கியது.

“லோர்னா… என்னை மன்னிச்சிடும்மா. என் வகுப்புல ஏழு வயசுக்கு மேல யாரும் இல்ல. பெரியவங்க பாடத்தைக் கேட்டே சின்னவங்க கத்துக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல…”

கையெழுத்திட்டாள். லோர்னா அவள் கையை ஒருகணம் பிடித்துக்கொண்டாள். ஆனால் தோளில் விழுந்த கணவன் கையை எடுத்து விட்டாள்.

“அவன் மாவைக் கொட்டினப்புறம்தான் நம்புனீங்க. நான் சொன்னப்போ நம்பலையே!”

“லோர்னா…”

முக்கால் கப்பை அவன் கையில் வைத்தாள்.

“இன்னைக்குப் பாடம் நீங்க நடத்துங்க. மூணு பேருக்கும். இதே மேஜையில.”

கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள். மதியம் வரை நடந்தாள்.

திரும்பியபோது வெண்டெலின் தலையெல்லாம் மாவு. மடியில் ஐரிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். அடேல் அவன் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“எப்படி… தினமும்…” என்றான் அவன்.

லோர்னா நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் நீங்கதான்,” என்றாள்.