பதினான்கு பக்க விண்ணப்பம்

பிற்பகல் இரண்டு மணி ஆனதும் அமலோற்பவம் வழக்கம்போலக் கணவனின் நுரையீரலை மிதிக்க உட்கார்ந்தாள். எண்ணூர்க் கடலோரத்தின் அந்த நாற்பது மாடி அடுக்ககத்தில் அந்நேரம் மின்சாரம் நின்றுவிடும். குறைந்த வாடகைக் குடியிருப்புகளுக்கு நெய்தல் மின்னகம் விதித்திருந்த இரண்டு மணி நேர ‘ஓய்வு’ அது. அருளப்பனின் நெஞ்சுக்குள் இருந்த செயற்கை நுரையீரலின் பேட்டரி பழையது. பத்து நிமிடம்கூடத் தாங்காது. கட்டிலோரம் இருந்த, மிதித்தால் மின்சாரம் தரும் மிதிகலத்தை அவள் மிதிப்பாள். அவன் மூச்சு விடுவான்.

அன்று மிதித்துக்கொண்டிருந்தபோது, தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு உயர இயந்திரன் ஒன்று எட்டிப் பார்த்தது.

“வணக்கம் அம்மா. வான்மின் நிறுவனத்திலிருந்து வருகிறேன். விண்வெளி வெயிலை மின்சாரமாக்கித் தருகிறோம். நாள் முழுக்க நிற்காமல் வரும், கட்டணமும் பாதிதான். மாறிக்கொள்கிறீர்களா?”

“எங்க கையெழுத்து போடணும்?”

“எங்கேயும் வேண்டாம்.”

“ஓனர் லெட்டரு? டெபாசிட்டு?”

“எதுவும் வேண்டாம். நீங்கள் சம்மதித்தால் இப்போதே மாற்றிவிடுவேன். நடுவில் ஒரு நொடிகூட மின்சாரம் நிற்காது.”

அமலோற்பவம் மிதித்துக்கொண்டே யோசித்தாள். மூன்றாம் மாடி ஸ்டெல்லா இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு நிறுவனத்துக்கு மாறப் பார்த்தாள். பழையவர்கள் அன்றைக்கே இணைப்பைத் துண்டித்தார்கள். புதியவர்கள், வீட்டு உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் தர முடியாது என்று கையை விரித்தார்கள். பதினோரு நாள் அவள் இருட்டில் கிடந்தாள். பதினோரு நாள் இராப்பகலாக மிதிக்க யாரால் முடியும்?

“நல்லாதான சொல்லுது? கேட்டுப் பாரேன்” என்றான் அருளப்பன்.

“நீ சும்மா கெடய்யா. ஒண்ணுமே கேக்காம குடுக்கறான்னா, உன் நெஞ்சுல இருக்கறத கழட்டிக்கினு பூடுவான்.” இயந்திரனிடம் திரும்பினாள். “போ அந்தாண்ட.”

அது அறுநூற்று நாற்பது வீட்டுக் கதவையும் தட்டியது. ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. வான்மின்னின் சிந்தனைப்பொறி திகைத்துப்போய், இந்த மக்கள் எதை நம்புவார்கள் என்று நூறாண்டு அரசு ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தது.

அடுத்த மாதம் தரைத்தளத்தில் கம்பி வலை போட்ட ஜன்னல் ஒன்று முளைத்தது. ‘வான்மின் இணைப்பு அலுவலகம். நேரம் பத்து முதல் ஒன்று வரை. நாளுக்கு ஐம்பது டோக்கன் மட்டுமே.’ ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியது. என்ன ஏது என்று கேட்பதற்கு முன் அமலோற்பவமும் அதில் நின்றாள்.

முதல் நாள், “டோக்கன் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க.” இரண்டாம் நாள், புகைப்படத்தின் பின்னணி நீலமாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாள். மூன்றாம் நாள் அவள் முறை வந்தபோது, உள்ளே இருந்த இயந்திரன் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. இயந்திரன் என்ன சாப்பிடும் என்று வரிசையில் யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் பதினான்கு பக்க விண்ணப்பத்தை நீட்டினாள். “சார், கொஞ்சம் பாத்துப் பண்ணு சார். ஊட்டுக்காரருக்கு மூச்சு மெஷினு.”

அது நிமிரவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியது. “போங்க. அடுத்தது!”

காகிதங்கள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கூழாக்கும் பெட்டியில் விழுந்தன. அவற்றை யாரும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அன்று இரண்டு மணிக்கு மின்சாரம் நிற்கவில்லை. எந்த நொடியும் நிற்கும் என்று அமலோற்பவம் கணவனின் நெஞ்சில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிவரை கையை எடுக்கவில்லை. அருளப்பன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

சாயங்காலம் படிக்கட்டில் ஸ்டெல்லா மடக்கினாள். “ஏங்க்கா, அந்தக் கம்பெனிய நம்பலாமா? சுளுவா குடுத்துட்டானா?”

“சுளுவாவா?” அமலோற்பவத்துக்குக் கோபமே வந்துவிட்டது. “நாலு நாளு நாயா அலயவுட்டான். மூஞ்சக்கூட நிமிந்து பாக்கல. தகிரியமா போ ஸ்டெல்லா, நாணயமான கம்பெனி.”