மரப்பான் நின்ற வகுப்பு

நான்காம் உலகப் போர் எப்படி முடிந்தது என்று வகுப்பே செயல்திட்டம் எழுதிக் கொடுத்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: "மரப்பான் வந்தது, போர் நின்றது." விட்டத்துப் பல்லிகூடப் பக்கத்தில் உட்கார்ந்த ஈயை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தது.

உலகத்தில் சுவருக்குச் சுவர் முணுமுணுக்கும் பெட்டிதான் மரப்பான். அதன் அலை பட்டால் மனசு மரத்துப்போகும். கல்யாணப் பந்தியில் அப்பளம் வராவிட்டாலும் சம்பந்திகள் வாய் திறப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! போரில் எதிரெதிர் அணியில் நின்றவர்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரெஜினா மட்டும் எதுவும் எழுதவில்லை. கப்பல் சமையல்காரரான அவள் அப்பா, போரின் கடைசி வாரத்தில் கடலோடு போனவர். மறுவாரமே மரப்பான் வந்துவிட்டது. அவருக்காக அவள் அழுததே இல்லை. அழவேண்டும் என்பது பாடம்போல மனப்பாடமாகத் தெரியும், அவ்வளவுதான்.

"உன் திட்டம் எங்கேம்மா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

"செஞ்சு காட்டுறேன் டீச்சர்." போய் வகுப்புச் சுவரில் இருந்த மரப்பானின் விசையை அணைத்தாள். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முணுமுணுப்பு நின்றது. முதலில் வந்தது பூண்டு வாசனை, அப்பாவின் விரல் வாசனை. அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் அழுகை, துறைமுகத்துக் கப்பலெல்லாம் ஆடியிருக்கும்!

முன்பெஞ்சு டேவிட்சன் கெக்கெக்கென்று சிரித்தான். "மூக்கைச் சிந்துடி! எங்க சித்தப்பா போட்ட குண்டுலதான் உங்க கப்பல் பூரி மாதிரி உப்பி வெடிச்சுதாம்!"

காம்பஸ் எப்படிக் கைக்கு வந்ததோ! அவனைச் சுவரோடு சாத்தி, முனையைக் கழுத்தில் வைத்தாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து பெஞ்சுகளைத் தூக்கியது.

"என் தம்பியையும் அவங்கதான் கொன்னாங்க. விடாதே, குத்து!" என்று அலறினார் எஸ்தர் டீச்சர்.

ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ரெஜி... வலிக்குதுடி," என்றான் டேவிட்சன்.

விசை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போட்டால் இவன் பிழைப்பான், அப்பா போய்விடுவார். பூண்டு வாசனையை ஒருமுறை ஆழ இழுத்துக்கொண்டு, போட்டாள்.

தூக்கிய பெஞ்சுகளை இறக்கி அவற்றிலேயே உட்கார்ந்தார்கள்.

"இப்படித்தான் முடிஞ்சுது டீச்சர்."

"நல்லா இருக்கு. முழு மார்க்." எல்லோரும் முறைப்படி கைதட்டினார்கள்.

டேவிட்சன் கழுத்தைத் துடைத்த கைக்குட்டையை நீட்டினான். "உன் கன்னம் ஈரமா இருக்கு."

"ஆமா," என்று துடைத்துக்கொண்டாள் ரெஜினா.

விட்டத்தில் பல்லி மட்டும் இருந்தது. ஈயைக் காணோம்.