ஐம்பது வருட உத்தரவாதம்

குலசேகரன்பட்டினம் வான்துறையில் பயணப் பெட்டி வாங்குபவர்கள் காலையில்தான் வருவார்கள். வெயில் பட்டால்தான் பெட்டிகள் விழிக்கும். ஆவுடையப்பன் கடைவாசலில் அன்றைக்கும் உயிர்ப்பெட்டிகள் வரிசையாகக் கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஆள் நிழல் மேலே விழுந்தால் போதும், தோல் லேசாகச் சிலிர்த்து நிறம் மாறும். வடிவு அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் பார்த்திருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில், மூச்சு விடுகிற சாமானாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“தொட்டுப் பாருங்கக்கா, கடிக்காது” என்றான் ஆவுடையப்பன். சொன்ன கையோடு மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து ஒரு பெட்டியின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டான்.

வடிவு காதைப் பொத்திக்கொண்டாள். பெட்டியின் ஓட்டில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு கரைகளும் நெருங்கி வந்தன. காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல ஒரு படலம் மூடியது. பிறகு தடவிப் பார்த்தால்கூட அடி விழுந்த இடம் தெரியவில்லை.

“இப்படி ஒரு தோலு எனக்கு இருந்திருந்தா ரெண்டு தடவ நெஞ்சப் பொளந்திருக்க வேண்டாம்” என்றார் அவள் கணவர் தாணு. வாயைப் பிளந்துகொண்டுதான் சொன்னார்.

இந்தப் பெட்டிகள் வந்ததற்கு ஒரு கதை உண்டு. சனிக் கோளுக்குக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் ஜனங்கள் வழக்கமான சக்கரப் பெட்டிகளைத்தான் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். பூமியில் எத்தனை உதை வாங்கினாலும் தாங்கிய பெட்டிகள், அங்கே வருடக்கணக்கான குளிரிலும் கதிர்வீச்சிலும் அப்பளமாக நொறுங்கின. எடையற்ற அறையில் மிதந்த துண்டுகள் காற்றுக் குழாய்களை அடைத்து, ஒரு கப்பலே மூச்சுத் திணறியது. அதன்பிறகு, தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் பெட்டிக்கு மட்டும்தான் பயணி அறையில் இடம் என்று ஆகிவிட்டது. ஆமை ஓட்டின் உயிரணுவையும் தென்னை நாரின் உயிரணுவையும் இணைத்து வளர்த்த ஜீவன் இது. இதற்குச் சாப்பாடு, தூக்குகிறவரின் உள்ளங்கைச் சூடும் வியர்வை உப்பும்தான். ஒரு கையோடு ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க அந்தக் கைதான். வேறு கை ஆகாது.

வடிவும் தாணுவும் சனியின் வளையங்களைப் பார்க்கப் போகிறார்கள். போக, வர ஏழரை வருடம். ஏழரைச் சனிக்குப் பயந்து பரிகாரம் செய்வார்கள், இவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் ஏறுகிறார்கள் என்று தெருவே கேலி பேசியது. கேலியில் பெரிய சிரிப்பு தாணுவுடையது. வளையத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தியே அவருக்கு இருந்த பைத்தியம். நாற்பது வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் வடிவின் மனதுக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. அவள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் ஆயுள் கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்ன வயது, இன்ன நோய், இன்ன பழக்கம் என்றால் இன்னும் எத்தனை வருடம் என்று சொல்வதுதான் வேலை. நூற்று முப்பதைத் தாண்டுவதெல்லாம் சாதாரணமாகிவிட்ட காலம். இருந்தும், தாணுவின் நெஞ்சை ஒரே ஒரு தடவை அட்டவணையில் போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வளையத்தைப் பார்த்துவிடுவார். திரும்பி வருவது சந்தேகம். வரும்போது தான் ஒருத்தியாக, இரண்டு பேருடைய சாமானையும் ஒரே பெட்டியில் சுமந்து வந்து, அதற்கப்புறமும் வருடக்கணக்காக அதை வைத்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“அழகெல்லாம் வேண்டாம் தம்பி. உழைக்கணும்” என்றாள்.

“உழைப்புன்னா எட்டாந் தலைமுறைதான்க்கா. இந்த வருசம்தான் வந்திருக்கு. அம்பது வருச உத்தரவாதம். ஆனா ஒண்ணு, நாம பெட்டிய எடுக்க முடியாது. அதுதான் நம்மள எடுக்கணும். அண்ணாச்சி, நீங்க கைய நீட்டுங்க.”

தாணு பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணத்தில் சந்தனம் வாங்குகிறவரைப் போல இரண்டு கையையும் நீட்டினார். சாம்பல் நிறத்தில் கிடந்த ஒரு பெட்டி தலை தூக்கியது. பக்கத்தில் கிடந்த இரண்டின் மேல் ஏறி, அவசரம் அவசரமாக வந்து, அவர் கைக்குள் முதுகைக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறம் போய் மஞ்சள் பூத்தது. மூடி தானாகத் திறந்தது. உள்ளே ஈரமில்லாத, மெத்தென்ற மடிப்புகள். தாணு தன் கண்ணாடிக் கூட்டை வைத்தார். மடிப்புகள் அதைச் சுற்றி வந்து அதன் அளவுக்கே ஒரு பை ஆயின.

“வடிவு, இங்க பாரேன்! என்னையப் புடிச்சிருக்கு இதுக்கு!” அவர் கண் கலங்கிவிட்டது. வடிவுக்கும் உடம்பு புல்லரித்தது. மனிதன் செய்து வைத்த காரியம்தான், ஆனாலும் கும்பிடத் தோன்றியது.

பிறகு அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். எதிரில் இருந்த பெட்டி விரல் நுனிவரை வந்தது. நின்றது. மெல்லப் பின்னால் நகர்ந்தது.

“காலையில பூண்டு உரிச்சேன். அந்த வாடையா இருக்கும்.” போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். வேறொரு பெட்டியிடம் நீட்டினாள். அதுவும் நகர்ந்தது. இன்னொன்று அவள் குனிவதற்குள்ளேயே போய்விட்டது. ஒவ்வொன்றாக விலகி விலகி, அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியானது.

“நாப்பது வருசமா என்னைய மெரட்டுன மாதிரி அதுகளையும் மெரட்டிட்டியா?” என்று தாணு சிரித்தார்.

ஆவுடையப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. “சில பேருகிட்ட இப்படித்தான்க்கா பிகு பண்ணும். ஏழாந் தலைமுறையிலயே கொஞ்சம் உண்டு. ராசின்னு விட்டுருவோம்.”

வடிவுக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. “தம்பி, தலைமுறை தலைமுறையா வளக்கிறியளே, விதை எதுலேருந்து எடுப்பிய?”

“ரொம்ப நாள் உழைச்ச பெட்டியிலேருந்துதான். பாதியில காஞ்சத சேக்கவே மாட்டோம். எங்க பூட்டன் காலத்துலேருந்து அதான் முறை.”

“பாதியில ஏன் காயுது?”

“ஆளு போயிட்டா அதுவும் காஞ்சிரும்லா” என்றான் அவன், மழை பெய்தால் தரை நனையும் என்பது போல.

வடிவின் கை நீட்டியபடியே நின்றது. எல்லாப் பெட்டியும்தான் விரிசலை ஆற்றிக்கொள்கிறது. ஓட்டில் எந்தப் பெட்டிக்கும் குறைவில்லை. அப்படியானால் ஒன்று ஐம்பது வருடம் உழைத்ததற்கும் இன்னொன்று ஐந்து வருடத்தில் காய்ந்ததற்கும் வித்தியாசம் ஓட்டில் இல்லை. பிடித்த கையில் இருக்கிறது. நெடுநாள் வாழப்போகும் கையை எதேச்சையாகப் பிடித்த பெட்டி நெடுநாள் உழைத்தது. அதன் விதையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எட்டுத் தலைமுறை வளர்த்திருக்கிறார்கள். கெட்டியான ஓட்டை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு, கெட்டியான ஆளை மோந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மூக்கை வளர்த்து வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாருக்கும் தெரியக்கூட இல்லை.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. பிரமிப்புத்தான் வந்தது. காலமெல்லாம் அட்டவணை போட்டு, ரத்தம் பார்த்து, அப்பாவுக்கு என்ன நோய், தாத்தாவுக்கு என்ன நோய் என்று கேட்டு அவள் செய்த வேலையை இது ஒரு மூச்சில் செய்கிறது. அம்மாடி, இதுவல்லவா கணிப்பாளர் என்று எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. திரும்பித் தாணுவைப் பார்த்தாள். மடியில் மஞ்சள் பெட்டியை வைத்து, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போட்ட கணக்கு தலைகீழாகிக் கிடந்தது. தனியாகத் திரும்பப் போகிறவள் அவள் அல்ல.

ஆவுடையப்பனிடம் கேட்டாள்: “மொதத் தலைமுறை இருக்கா தம்பி?”

“இருக்கு. நெலாவுக்குப் போயிட்டு வாற புள்ளைங்க வாங்குறது. அது யாருகிட்ட வேணாலும் வரும். ஆனா எட்டு வருசத்துக்குத்தான் உத்தரவாதம்.”

“எட்டு வருசம் போதும்.”

அவன் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டு வந்து விட்டான். அது தட்டுத் தடுமாறி நேராக அவளிடம் வந்தது. யார், என்ன, எவ்வளவு நாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. வடிவு அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். நன்றியில் அவளுக்கு அழுகை முட்டியது.

தாணுவுக்குக் கணக்கு வராது. ஆனால் அந்த முகத்தை அவருக்குத் தெரியும். அலுவலகத்திலிருந்து ஒரு நல்ல மனிதருக்கு ‘காப்பீடு இல்லை’ என்று எழுதிவிட்டு வரும் நாட்களில் வடிவின் முகம் இப்படித்தான் இருக்கும். கடைக்காரன் சொன்னதையெல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவளைவிட்டு விலகிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். கப்பலு எங்கயும் ஓடிராது” என்றார்.

“போன வாரந்தானே முழுசாப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னாங்க? சரி, போவோம். அவங்க கண்ணுல படுறதா இருந்தா நல்லதுதான். படலைன்னாலும் வளையத்தப் பாக்காம நான் போவ மாட்டேன்” என்றாள் வடிவு.

“அப்பம் எனக்கும் அந்தச் சின்னதுல ஒண்ணு குடுங்க தம்பி. இத நீங்களே எடுத்துக்கோங்க.”

“ஒட்டிட்டுதுன்னா எடுக்க முடியாது அண்ணாச்சி” என்றான் ஆவுடையப்பன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிற அதே பெருமையோடு தொடர்ந்தான். “அம்பது வருசத்துக்கு நீங்க கவலையே பட வேண்டாம்.”

தாணு பெட்டியை மடியிலிருந்து தள்ளினார். அது கீழே உருண்டு, எழுந்து, அவர் காலைப் பற்றி மறுபடியும் ஏறியது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் ஏறியது. அவர் இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளங்கை கிடைக்காமல் அது அவர் முஷ்டியை முட்டி முட்டிப் பார்த்தது. மஞ்சள் நிறம் வெளுக்கத் தொடங்கியது.

வடிவு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியிருந்த அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

“அதப் பட்டினி போடாதீய” என்றாள்.