ஊசி போடாத நான்கு எலிகள்

"நான் புட்டியை மாத்தலைங்க. மாத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்து உங்க கதவைத் தட்டுவேனா?"

வந்த பெண் இன்னும் உட்காரக்கூட இல்லை. ஆறு வருடமாக எலிகளின் மூளையை ஆராய்கிற மாணவி. வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடினால் ஆறு வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்.

"முதல்ல உட்காரும்மா," என்றார் அத்தான். மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் முப்பது வருடம் போலி மருந்துகளைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தொழில் அவரை விடவில்லை. அவர் மனைவியின் தங்கை பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். லீவு கிடைத்தால் போதும், நோட்டும் பேனாவுமாக இங்கே ஆஜராகிவிடுவாள்.

"எந்தப் புட்டி?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"இவளுக்குக் கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கணும். நீ ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா."

மாணவி சொன்னாள். எலியை ஒரு சின்ன மேடையில் விடுவார்கள். அது கீழே இறங்கினால் கம்பித் தரையிலிருந்து காலில் லேசாக மின்சாரம் தைக்கும். மறுநாள் அதே மேடையில் விட்டால், நினைவிருக்கிற எலி இறங்கத் தயங்கும். மறந்துபோன எலி உடனே இறங்கிவிடும்.

"வலி பட்ட அடுத்த சில நிமிஷத்துலதான் நினைவு கெட்டிப்பட ஆரம்பிக்கும். ஒரு நரம்பணு இன்னொண்ணோட பேசுற இடம் இருக்குல்ல, அந்த இணைப்பு பலப்படணும். அபின் மாதிரி வேலை செய்யுற ஒரு பெப்டைடை, அதாவது சின்னப் புரதத் துணுக்கை, மூளையே சுரக்குது. அது வலியை ஆத்தும். ஆனா அந்த நேரத்துல அதிகமா சுரந்தா இணைப்பு பலப்படாது, எலி மறந்துடும். என் ஆராய்ச்சியே அதுதான்."

எலிக்கு வலி பட்டவுடனே இவள் ஊசி போடுவாள். மூன்று புட்டிகள். வெள்ளை மூடியில் வெறும் உப்புநீர். சிவப்பில் அந்தப் பெப்டைடு. நீலத்தில், பெப்டைடை வேலை செய்யவிடாத தடுப்பு மருந்து. சிவப்பு ஊசி போட்டவை மட்டும்தான் மறக்க வேண்டும்.

"ரெண்டு மாசமா வெள்ளையும் மறக்குது. நான் சிவப்பு மருந்தை வெள்ளைப் புட்டியில ஊத்திட்டு மறைக்கிறேன்னு பேராசிரியர் சொல்றார்."

"நீலம்?"

"அது ஒழுங்கா ஞாபகம் வச்சிருக்கு."

"ஊசியே போடாத எலி ஏதாவது இருக்கா?"

மாணவி விழித்தாள். "நாலு இருக்கு. அதுங்களும்தான் மறக்குது. நோட்டுல அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்கல."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைத்தால் பாதி வழக்கு முடிந்தது என்று நர்ஸுக்குத் தெரியும்.

மறுநாள் காலை எலி அறைக்குப் போனார்கள். மரத்தூள் வாசனை. பன்னிரண்டு வருடமாக எலிகளைப் பராமரிக்கிறவர் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் கூண்டுக்காரர்தான். வெள்ளைச் சீட்டு ஒட்டிய கூண்டுக்குள் நர்ஸ் விரலை நீட்டினாள். எலி மூலைக்கு ஓடியது. கூண்டுக்காரர் விரலை நீட்டியதும் ஓடி வந்து முகர்ந்தது.

"ஆளைப் பார்த்துத்தான் மதிக்கும்போல," என்றாள் நர்ஸ்.

சுவரோரம் எறும்புகள் வரிசையாக ஏறி, ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டுப் பைக்குள் போயின.

"எறும்பு மருந்து போடலாமே அண்ணே?" என்று அவரிடம் கேட்டாள் நர்ஸ்.

"எலிக்கு ஆகாதும்மா."

"மேடை வேலை முடிஞ்சதும் எலிகளைக் கூண்டுக்குக் கொண்டுவர்றது யாரு?" என்று கேட்டார் அத்தான்.

"நான்தாங்க."

"சமீபத்துல லீவு ஏதாவது?"

"ரெண்டு மாசம் முன்னாடி மூணு வாரம். வீட்டு விஷயம்." சொல்லிவிட்டு அடுத்த கூண்டைக் கழுவப் போனார்.

வெளியே வந்ததும் நர்ஸ் சொன்னாள்: "எனக்கென்னவோ பேராசிரியர் மேலதான் சந்தேகம் அத்தான். வாசல்ல எதிர்ல வந்தாரே, முழியே சரியில்ல."

"முழியை வச்சு வழக்கு நடத்தினா ஊர்ல பாதிப் பேர் உள்ளே இருக்கணும். நிரூபிக்காததைச் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை, குழு கூட ஒரு மணி நேரம் இருக்கும்போது, அத்தான் எல்லோரையும் எலி அறைக்கே வரவழைத்தார்.

"புட்டி மேல குத்தமே இல்ல சார்," என்றார் பேராசிரியரிடம். "வெள்ளைப் புட்டி கெட்டுப்போச்சுன்னே வைங்க. ஊசியே போடாத நாலு எலி எந்தப் புட்டியால மறந்தது?"

பேராசிரியர் நோட்டைப் புரட்டி அந்த நாலு எலிகளின் பக்கத்தைத் தேடினார்.

"நீலம் மட்டும் மறக்கல. அபின் மாதிரிப் பொருளைத் தடுக்குற மருந்து உள்ளே போனா மறதி நிக்குது. ஊசி போடாததும் மறக்குதுன்னா அந்தப் பொருள் வெளியிலிருந்து வரல. எலியோட மூளையே சுரந்திருக்கு. வலி பட்ட சில நிமிஷத்துக்குள்ள யாரோ ஏதோ செஞ்சு அதைச் சுரக்க வச்சிருக்காங்க. அந்த நேரத்துல எலி யார் கையில இருக்கும்?" அவர் நர்ஸைப் பார்த்தார். "எறும்பு எதுக்கும்மா வரும்?"

நர்ஸின் கையிலிருந்த பேனா நின்றது. பிஞ்சுக் குதிகாலில் ஊசி குத்தும் முன் நாக்கில் அவள் விட்ட துளிகள் எத்தனை ஆயிரம்! இனிப்பு பட்டதும் மூளையே வலியாற்றும் பொருளைச் சுரக்கும், அழுகை அடங்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"சர்க்கரைத் தண்ணி," என்றாள் மெதுவாக. "எங்க வார்டுல பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுமுன்னே நாக்குல விடுவோம்."

கூண்டுக்காரர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சொட்டுக்குழாயை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"வலி பட்ட எலி, கையில எடுக்கும்போது நடுங்கும்ங்க. முன்னெல்லாம் பழகிப்போச்சு. லீவு முடிஞ்சு வந்த பிறகு பார்க்க முடியல." மாணவியைப் பார்த்தார். "ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி உன் படிப்பைக் கெடுக்கும்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

"வீட்டுல என்னண்ணே ஆச்சு?" என்றாள் மாணவி.

"பொண்ணு. குறை மாசத்துல பிறந்தா. பத்தொன்பது நாள் இருந்தா." அவர் உள்ளங்கையை விரித்தார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஊசி போடுறப்ப மட்டும்தான் தொட விடுவாங்க. நாக்குல ஒரு சொட்டு விடுவாங்க, நான் காலைப் பிடிச்சுப்பேன். அவ்வளவுதான் நான் அவளைத் தொட்டது."

பேராசிரியர் கையிலிருந்த குற்றப்பத்திரிகையை நான்காக மடித்துக்கொண்டார்.

கூண்டுக்காரர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த வார்டு நர்ஸ்தானேம்மா? இவர் சொல்றபடி பார்த்தா அந்தச் சொட்டு வலியை மறக்கடிச்சிருக்கும். அது நல்லதுதான். ஆனா, பிடிச்சிருந்த கையையும் மறந்திருப்பாளா?"

நர்ஸ் அத்தானைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்து போய் வெள்ளைச் சீட்டுக் கூண்டைத் திறந்தாள். "கையை விடுங்கண்ணே."

அவர் விட்டார். எலி ஓடி வந்து உள்ளங்கையில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"மேடையை மறந்த எலிதானே இது? வலியை மறந்திருக்கு. கையை மறக்கலையே."

கூண்டுக்காரர் தோள் குலுங்க, கை மட்டும் அசையாமல் நின்றார்.

"இது போதுமா அத்தான்?" என்று கேட்டாள் நர்ஸ்.

எதற்கும் இரண்டு சாட்சி கேட்கிறவர் அவர்.

"போதும்," என்றார்.