நாற்பத்து நான்கு நிமிட ஒப்புதல்

காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று பூமியிடம் கேட்டு முப்பது நிமிடம் ஆகியிருந்தது. நோயாளி பெஞ்சில் உட்கார்ந்தபடி காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அவருக்கோ, எதிரே நின்ற செவிலி ஜெபக்கனிக்கோ இதில் வியப்பு ஒன்றும் இல்லை. செவ்வாயில் காய்ச்சல் என்றால் அப்படித்தான்.

பூமி தொலைவில் இருக்கும் காலத்தில் கேள்வி போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம், பதில் திரும்ப இருபத்திரண்டு நிமிடம். நெறிமுறைப் பேரவையின் ஒப்புதல் வந்து சேர்ந்ததும் மருந்துப் பேழையின் பூட்டு தானாக விலகும். அதுவரை மாத்திரை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கலாம். சுரங்கங்களையும் பசுங்கூடாரங்களையும் ஒட்டி இருந்த முப்பத்தொரு புறக்குடிகளிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மருத்துவப் பணியாளர், ஒரு பேழை. டாக்டர் என்று யாரும் கிடையாது.

இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து நிற்கும். அந்தப் பதினான்கு நாளும் பூமிக்குப் பேச்சு கிடையாது. மறைவு நாட்கள் என்று சொல்வார்கள். அந்த நாட்களுக்கென்று பேரவை பன்னிரண்டு மருந்துகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தந்திருந்தது. பட்டியலை எழுதியவர்கள் முப்பது ஆண்டுக்கு முன் பூமியில் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். அப்போது செவ்வாய்க்குப் போனவர்கள் எல்லாரும் உடல்தகுதித் தேர்வில் தேறிய ஆண்கள். அதனால் அதில் வாந்திக்கு மாத்திரை உண்டு, தசைப்பிடிப்புக்குத் தைலம் உண்டு. பிரசவத்துக்கு ஒன்றும் கிடையாது.

போன மறைவு நாட்களில் வெல்டர் அருளப்பனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அதற்குரிய ஊசிமருந்து பேழையின் மூன்றாம் தட்டில் தெரிந்துகொண்டே இருந்தது. ஜெபக்கனி சுத்தியலால் கண்ணாடியை அடித்தாள். பேழை திருட்டு என்று நினைத்துத் தன்னிடம் இருந்த மருந்து முழுவதையும் எரித்துவிட்டது. அருளப்பன் மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் கட்டில் பேழையிலிருந்து நான்கடி தூரம்.

அதன் பிறகுதான் அவள் செயலி எழுத உட்கார்ந்தாள். நிரல் எழுதத் தெரியாது. வேலை முடிந்த மாலைகளில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். பூமியின் வழிகாட்டுதல்கள் மொத்தம் ஒன்பதாயிரம் பக்கம். ஒரு நோய்க்கு மூன்றே வரி என்று அவற்றைச் சுருக்கினாள். என்ன மருந்து, எவ்வளவு, எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் மருந்தளவு எப்படி மாறுகிறது என்பதைப் பணியாளர்களிடமே கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். கடைசியாகப் பேழையின் பூட்டை ஆராய்ந்தாள். அது எதிர்பார்த்த ரகசிய எண் மருந்தின் பெயரும் அன்றைய தேதியும் சேர்ந்தது, அவ்வளவுதான். மணிக்கட்டுத் திரையிலேயே அந்த எண்ணை உண்டாக்கிவிடலாம். செயலிக்குக் கைநெறி என்று பெயர் வைத்து, பேரவைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தையும் எழுதினாள். அதற்குள் சூரியன் குறுக்கே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை செம்பள்ளத்திலிருந்து வானொலி அழைத்தது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்தப் புறக்குடியின் பணியாளர் சொரிமுத்து. பேச்சில் மூச்சு வாங்கியது.

"அக்கா, பேச்சித்தாய்க்குக் குழந்த பொறந்துட்டு. ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்கு."

"எவ்வளவு போயிருக்கு?"

"விரிப்பு ரெண்டு நனைஞ்சிட்டு. வயித்தத் தேய்ச்சிக்கிட்டேதான் இருக்கேன். பேழை தொறக்க மாட்டேங்கு. பட்டியல்ல இல்லைங்கு."

"கைநெறிய இப்பவே அனுப்புதேன். ஏத்திக்கோ."

எதிர்முனையில் குழந்தை அழும் ஒலி மட்டும் வந்தது.

"அது பேரவை ஒத்துக்காததுல்லா அக்கா? என் உரிமம் போயிரும்."

"உரிமம் போனா என் பேரச் சொல்லு. பேச்சித்தாய் போனா யார் பேரச் சொல்லுவ?"

சொரிமுத்து ஏற்றிக்கொண்டான். நூற்றுப் பதினான்கு பக்கத்தை அவள் மூன்று வரியாக்கி வைத்திருந்ததை அவன் உரக்க வாசிப்பது வானொலியில் கேட்டது. பிறகு பூட்டு விலகும் சத்தம். தொடையில் ஊசி, கருப்பையைப் பிடித்துவிடுதல், ரத்தம் உறைய நரம்பில் இன்னொரு மருந்து. ஜெபக்கனி மைக்கைப் பிடித்தபடி நின்றாள், உட்காரத் தோன்றவில்லை. இருபது நிமிடம் கழித்து அவன் குரல் வந்தது.

"கொறஞ்சிட்டு அக்கா. தண்ணி கேக்கா."

ஜெபக்கனி வானொலியை அணைத்துவிட்டு ஓரமாகப் போய் முகம் கழுவிக்கொண்டாள். மிச்சம் ஒன்பது நாளில் மற்றப் புறக்குடிகளுக்கும் அவளே கைநெறியை அனுப்பினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சூரியன் விலகிய மறுநாள் ஆய்வர் கிருபாகரன் வந்து சேர்ந்தார். செவ்வாயில் பேரவையின் ஒரே ஆள். ஊர்தியிலிருந்து இறங்கியதும் இருநூற்றுப் பத்துப் பக்கக் குற்றப்பத்திரிகையை அவள் திரைக்கு அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இதுக்கு என்ன பதில் சொல்றீங்கம்மா? ஒப்புதல் இல்லாம பேழைய தொறந்திருக்கீங்க. மத்தவங்களையும் தொறக்க வெச்சிருக்கீங்க."

"ஆமா சார். தொறந்தேன். மறுபடி அப்படி வந்தாலும் தொறப்பேன்."

"பூமியில நிபுணர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியா படிச்சு முடிவு பண்றாங்க. அவங்கள விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

செயலிக்காக முப்பது ஆண்டுக் கேள்விகளையும் பதில்களையும் திரட்டியபோது அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டிருந்தது. அதைச் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று பட்டது. திரையை எடுத்து அவர் பார்க்கும்படி வைத்துத் தட்டச்சு செய்தாள். நோயாளி: சக்கர நாற்காலி. வயது: மூன்று. குறை: கீல் வலி. பென்சிலின் போடலாமா?

"என்னம்மா இது, விளையாட்டா?"

"அனுப்பிட்டேன் சார். டீ குடிங்க. நாப்பத்து நாலு நிமிசம் ஆகும்."

கிருபாகரன் டீயைக் குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். இந்த ஒரு கேள்விக்காகவே இவள் உரிமத்தைப் பறிக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. நெறிமுறைக்கு உட்பட்டு ஒப்புதல் வழங்கப்படுகிறது. பக்கத்தில் பேழையின் பூட்டு விலகிக்கொண்டது.

அவர் திரையையும் பேழையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிட்ட அறுபத்தோராயிரம் கேள்வி இருக்கு சார்," என்றாள் ஜெபக்கனி. "ஒரு 'இல்லை'கூடக் கெடையாது. எல்லாப் பதிலும் கேள்வி போய்ச் சேர்ந்த அதே நொடியில கெளம்பியிருக்கு. அங்க யாரும் உக்காரல. ஆம்னு சொல்லுத மிசின் ஒண்ணு இருக்கு. நாம இங்க நோயாளிய வச்சிக்கிட்டு அதுக்குக் காத்துக் கெடக்கோம். அருளப்பன் அதுக்குக் காத்துக் கெடந்துதான் செத்தாரு."

"நானும் பத்து வருஷமா..." என்று தொடங்கிய கிருபாகரன் முடிக்கவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார். "நானா எதையும் மாத்த முடியாது. வழக்கை விட்டுடலாமா, உங்க செயலிக்கு அனுமதி தரலாமான்னு மேல எழுதிக் கேக்கிறேன். ஒப்புதல் வந்தா சரி."

"வரும் சார்," என்றாள் ஜெபக்கனி.

நாற்பத்து நான்கு நிமிடத்தில் வந்தது.

கைநெறி முப்பத்தொரு புறக்குடிகளிலும் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. காய்ச்சலுக்கு வந்தவர்கள் ஐந்தே நிமிடத்தில் மாத்திரையோடு வீடு திரும்பினார்கள். பணியாளர்கள் வானொலியில் அவளைக் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். இரண்டு மாதம் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதன் பிறகு தென்முகட்டில் நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் அளவில் மருந்து கொடுத்துவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தது. சரியான அளவு கைநெறியில் இரண்டாம் வரியிலேயே இருந்தது.

ஜெபக்கனி பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று வரிக்குக் கீழே 'வாசித்தேன்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள். அதை அழுத்தினால்தான் பேழை திறக்கும். மூன்று வரியை வாசிக்க யாராக இருந்தாலும் பத்து நொடியாவது வேண்டும். தென்முகட்டில் அரை நொடியில் அழுத்தியிருந்தார்கள். மற்ற இடங்களைப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அரை நொடி, முக்கால் நொடி. பூமியில் இருக்கும் மிசின்கூட இதைவிட அதிகமாக அவசரப்படவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றே பொத்தானை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாகக் கைநெறி ஒரு கேள்வி கேட்டது. இந்தக் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி? சரியாகச் சொன்னால் பேழை திறக்கும். வாசித்தவருக்கு இருபது நொடி வேலை.

ஒரே வாரத்தில் மனு வந்தது. மற்ற முப்பது பணியாளர்களும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். கைநெறி வேண்டாம், பழையபடி பூமியைக் கேட்டுக்கொள்கிறோம். மனுவில் முதல் பெயர் சொரிமுத்து.

அவள் அவனை அழைத்தாள்.

"நாப்பத்து நாலு நிமிசம் காத்துக் கெடப்ப. இருபது நொடி வாசிக்க மாட்டியா?"

"காத்துக் கெடக்கது பழகிட்டுக்கா. அப்ப நம்ம பாட்டுக்கு வேற சோலி பாக்கலாம்." அவன் குரலில் சங்கடம் இருந்தது. "அது மட்டும் இல்ல. பூமி சொல்லிச்சு, குடுத்தேன்னா என்மேல ஒண்ணும் வராது. இதுல நான் வாசிச்சேன், எனக்குத் தெரியும்னு ஆயிருதுல்லா. தப்பாப் போனா நான்தான்னு ஆயிரும்."

"அன்னைக்கு நீ வாசிச்சதாலதான் பேச்சித்தாய் இருக்கா."

"அன்னைக்குப் பயம்க்கா. தெனமும் அப்படிப் பயப்பட முடியுமா?"

ஜெபக்கனி வானொலியை அணைத்தாள். மனுவைப் பேரவைக்கு அனுப்பினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கைநெறியை விட்டுக்கொடுக்கும் எண்ணமும் அவளுக்குக் கடுகளவும் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நான்கு பக்கத்தில் ஒரு விருப்பப் படிவம் தயாரித்து முப்பது பேருக்கும் அனுப்பினாள். 'கைநெறி குறித்த உங்கள் விருப்பம். நான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டு ஒப்பமிடவும்' என்று மேலே எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில், மறைக்காமல், தடித்த எழுத்தில் இந்த வரி இருந்தது: 'கீழே ஒப்பமிடுபவர் தம் பெயரை மனுவிலிருந்து விலக்கிக்கொண்டு, பணியில் இருக்கும் காலம் முழுவதும் கைநெறியையே, அதன் கேள்விகளோடு, பயன்படுத்துவதாக உறுதி கூறுகிறார்.'

அனுப்பிவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள். ஒருவராவது பிடித்துவிட வேண்டும் என்று அவள் மனத்தில் ஒரு மூலை ஆசைப்பட்டது. பிடித்துக்கொண்டு அழைத்துச் சண்டை போட்டால்கூடப் போதும்; அந்த ஒருவரிடம் தோற்றுப்போக அவள் தயாராக இருந்தாள். வடமுனையிலிருந்து முதல் ஒப்பம் வந்தது, இரண்டு நொடியில். தென்முகடு, ஒன்றரை நொடி. நண்பகலுக்குள் இருபத்தொன்பது வந்துவிட்டன. யாரும் அழைக்கவில்லை.

கடைசியாகச் செம்பள்ளத்திலிருந்து வானொலி ஒலித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா, நானும் போட்டுட்டேன்," என்றான் சொரிமுத்து. "மனசுல வருத்தம் ஒண்ணும் வச்சிக்கிடாதீய."

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு நொடி.

"இல்ல சொரிமுத்து. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."