பாவாயியின் ஐந்தாம் படி

1986 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. காலை 6.40.

மோகனூருக்கு வடக்கே கரும்புக்காட்டு நடுவில் இருந்த வீட்டில், பெரியவர் செங்கோட்டையன் சுக்குக்காப்பியைக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. வண்டி பூட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

7.50.

இன்ஸ்பெக்டர் கைலாசம் காப்பி டம்ளரை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பூச்சிமருந்து.

"இந்த நாத்தத்தோட எப்படிக் குடிச்சார்?"

"மூக்குப்பொடி போட்டுப் போட்டு ஐயனுக்கு வாசமே தெரியாதுங்க," என்றான் மூத்த மகன் மயில்சாமி.

குற்றவாளியைத் தேடும் சிரமமே இல்லை. மயில்சாமியின் மனைவி பாவாயி தானாகவே வந்து கைகூப்பி நின்றாள்.

"நாந்தானுங்க மாமனைக் கொன்னுட்டேன். மருந்து டின்னை அடுப்பு மேடையில வெச்சது நாந்தான். காப்பியில ஊத்தியிருப்பேனுங்க."

"ஊத்துனது ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க. ஊத்தலைன்னு சத்தியம் பண்ணவும் முடியலீங்க."

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் எத்தனையோ பேரைக் கைலாசம் பார்த்திருக்கிறார். செய்தது ஞாபகமில்லாமலே ஒப்புக்கொள்கிறவளை இன்றுதான் பார்க்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி கிடைக்காவிட்டால், சாயங்காலம் இவளைத்தான் ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

இளைய மகன் ராசப்பன் மண்டையோட்டுப் படம் போட்ட டின்னைக் கொண்டுவந்து உரல்மேல் வைத்தான்.

"ஐயன் விழுந்ததும் அடுப்பாங்கரைக்கு ஓடுனேனுங்க. மூடி தொறந்து கெடந்துச்சு. நாத்தம் குடலைப் புரட்டுச்சு. நாந்தான் இறுக்கி மூடுனேன். அண்ணிக்கு மனசு சரியில்லீங்க. அதுக்கு வைத்தியம்னு சொல்லி, வெசத்தை ஊட்டுக்குள்ள வெக்கச் சொல்லியிருக்காங்க சேலத்து டாக்டரம்மா."

கைலாசம் டின்னைத் திறக்கவில்லை. மூடியைச் சுற்றி ஊர்ந்த சிற்றெறும்புகளைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, துணி சுற்றி அரக்கு வைத்தார். ஆய்வு முடிவு மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதம் ஆகும்.

8.45. விசாரணை.

ஆறு மணிக்கு, பெரியவர் விழிக்கும் முன்பே, பாவாயி காப்பியை வாசலையொட்டிய கூடமான ஆசாரத்தில் கட்டிலருகே மூடி வைத்துவிட்டு, எருமை கறக்கப் போயிருக்கிறாள். மகன்கள் இருவரும் ஆசாரத்தைக் கடந்துதான் வெளியே போனார்கள். பூச்சிமருந்து வைக்கும் மோட்டார் ரூமுக்கு இருவரிடமும் சாவி உண்டு.

மயில்சாமியின் சட்டையில் மருந்து வாடை அடித்தது.

"நேத்து கரும்புக்கு மருந்தடிச்சேனுங்க."

"சம்சாரத்தோட தினமும் சண்டைன்னு சொல்றாங்களே?"

"முந்தி இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க."

"அடுப்பு மேடையில இருந்த டின்னைத் தொட்டியா?"

"இல்லீங்க. அது அவ பாடம், மத்தவங்க கைவெக்கப் படாதுன்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

ராசப்பனிடம் ஒரே கேள்வி. "திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போறதா இருந்தாராமே உங்க அப்பா?"

"கெணத்துக்காட்டை அண்ணி பேருக்கு எழுதறதுக்குங்க. ரெண்டு வருசமா அவருக்கு எல்லாம் பாத்தது அவங்கதானே. எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க."

பாவாயி ஒரு நோட்டை நீட்டினாள். நேரம், வந்த நினைப்பு, நூற்றுக்கு எவ்வளவு பயம், பத்து நிமிடம் கழித்து எவ்வளவு என்று கோடு போட்டிருந்தது. முதல் பக்கத்தில் ஏணி மாதிரி படிகள். முதல் படி, மருந்து டின் படத்தைப் பார்ப்பது. ஐந்தாம் படி, டின்னை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு சமைப்பது. கடைசியாக எழுதியது அன்று காலைதான்: '5.50. காப்பியில் விழுந்திருக்குமோ. பயம் 80. திரும்பப் பார்க்கவில்லை. 6.00. பயம் 45.'

கைலாசம் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நோட்டை மூடி ஜீப்பில் ஏறினார்.

12.30. சேலம்.

"விஷத்தை வீட்டுக்குள்ள வெக்கச் சொன்னது நீங்கதான்னு ஊரே பேசுது, டாக்டர்."

டாக்டர் ஷஹர்பானு கோபப்படவில்லை. "ஆக்கின சோத்துல மருந்து விழுந்திருக்குமோன்னு கொட்டிட்டு மறுபடி ஆக்குவா அந்தப் பொண்ணு. ஒரு நாளைக்கு நாலு தடவை. கழுவின சட்டியையே நாற்பது தடவை கழுவுவா. போய்ப் பார்த்தா உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. பார்க்காம பத்து நிமிஷம் பொறுத்தா பயம் தானா இறங்கும். அதை அவ மனசே பழகிக்கணும். மாத்திரை மட்டும் அதைச் செய்யாது."

"அதுக்கு நிஜ விஷமா?"

அவர் பதில் சொன்னார். கைலாசம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எறும்பு," என்றார். "நீங்களும் வாங்கம்மா."

மாலை 4.10.

எல்லோர் முன்னாலும் அரக்கை உடைத்து, மூடியைத் திருகி, டின்னை ராசப்பன் மூக்கருகே பிடித்தார் கைலாசம்.

"காலையில குடலைப் புரட்டுச்சுன்னு சொன்னே. இப்ப?"

ராசப்பன் முகர்ந்தான். இன்னொரு தரம் முகர்ந்தான்.

"வெல்லத்தண்ணி," என்றார் கைலாசம். "பாவாயி தன் கையால கரைச்சு, மருந்தே படாத புது டின்னுல ஊத்தினது. பூச்சிமருந்து டின்னை எறும்பு சுத்துமா? பார்த்தேன், தட்டியும் விட்டேன். என் புத்திக்கு அப்ப எட்டலை. பயம் போக்கற பாடத்துக்குன்னு எந்த டாக்டரும் நிஜ விஷத்தைக் குடுக்க மாட்டாங்க. குடுப்பாங்கன்னு நீ நம்பினே. அதனாலதான் முகராத நாத்தத்தைச் சொன்னே. மோட்டார் ரூம் மருந்தைக் கொண்டுவந்து ஆசாரத்துலயே காப்பியில கலந்துட்டு, பழியை இந்த டின்மேல போட்டுட்டே. உங்க அண்ணன் கடைசிவரை இதைத் தொட்டேன்னுகூடச் சொல்லலை."

"வெல்லத்தண்ணின்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேங்க," என்றான் மயில்சாமி.

"சொல்லியிருந்தா, அவ பயப்படறப்பெல்லாம் 'அது வெல்லத்தண்ணிதான்'னு நீங்க தேத்துவீங்க. அப்புறம் பாடம் எங்கே?" என்றார் டாக்டர். "கரைச்சது அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா டின் மாறிப்போச்சோன்னு சந்தேகம் வந்ததும், தன் ஞாபகத்தையே நம்ப மாட்டா. நோய் அதுதான்."

ராசப்பன் நிமிர்ந்தான். "கெணத்துக்காட்டைப் போயி ஒரு பைத்தியத்துக்கு எழுதப் பாத்தாருங்க," என்றான். கைலாசம் கையைக் காட்டினார். ஏட்டு விலங்கோடு வந்தார்.

ஜீப் புறப்படும் நேரத்தில் பாவாயி ஓடிவந்தாள்.

"ஏனுங்க, நான் ஊத்தலீங்களா?"

"இல்லம்மா. நீ ஊத்தலை."

அவள் வாய் மறுபடி திறந்தது. அதே கேள்வி அங்கே வந்து நின்றது கைலாசத்துக்குத் தெரிந்தது. ஆயிரம் தடவை கேட்டாலும் ஆயிரம் தடவை சொல்லலாம் என்றிருந்தது அவருக்கு. டாக்டர் மெல்லத் தலையசைத்துத் தடுத்தார்.

பாவாயி வாயை மூடிக்கொண்டாள். வெறும் கட்டிலருகே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். 4.35 என்று எழுதினாள். பயம் 95.

டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனார். கைலாசம் பொறுக்கச் சொன்னார். விலங்கோடு ராசப்பனும் உள்ளே காத்திருந்தான்.

4.45க்கு அவள் மறுபடி எழுதினாள். 60. பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக, "மாமா" என்று வாய்விட்டு அழுதாள்.