கைப்பிடி மேகம்

"தீ...! வண்டியில தீ!"

கொச்சியில், தோப்பும்படி பாலத்தின் நடுவில் பாண்டியராஜன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் மலையாளத்தில் அவன் குடும்பத்தையே விசாரித்தான். அது இவன் காதில் விழவில்லை. கண்ணாடியில் பார்த்தான்... பின்சீட்டில் வெள்ளைப் புகை. சுருள் சுருளாக எழும்பிக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டாக்சி வாங்கி இரண்டே மாதம்!

மழையில் குதித்து இறங்கினான். பின்கதவைத் திறந்தான். ஒரு பெண்ணின் மடியில் டம்ளர் உயரத்துக்கு ஒரு சாமான். அதுதான் புகைந்தது. யோசிக்கவே இல்லை. கதவிடுக்கில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அதன் தலையில் முழுசாகக் கவிழ்த்தான். அதில் எரிந்த நீல விளக்கு இரண்டு தரம் மின்னியது... அணைந்தது.

அந்தப் பெண் தலை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். மழைக்கு முந்தின காயல் மாதிரி கறுத்த கண்கள். கோபத்தில் இன்னும் கறுத்தன.

"சேட்டா... அது புகை இல்ல. தண்ணி."

"தண்ணியா?"

"தண்ணி மேல தண்ணி ஊத்தி அணைச்சிருக்கீங்க. நல்லா இருப்பீங்க!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா முத்துவேல் இருமத் தொடங்கினார். சத்தமில்லாத இருமல். காற்று மட்டும் சீறியது. அவர் கழுத்துத் துண்டு விலகியபோது பாண்டியராஜன் பார்த்துவிட்டான். தொண்டைக் குழியில் ஒரு ஓட்டை. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வந்தது.

அவள் முந்தானையை நனைத்துப் பிழிந்து அந்த இடத்தில் மெல்லப் பிடித்தாள். பழகிய கை.

"தொண்டையில கட்டி. குரல்வளைய எடுத்துட்டாங்க. நமக்கு மூக்குல போற காத்து நனைஞ்சு உள்ள போவும். இவருக்கு நேரா போவுது. உங்க ஏசிக் காத்து காஞ்ச காத்து. அதுக்குத்தான் அந்த மிஷின். ஹியூமிடிஃபையர்."

"உப்பு டப்பாவே ஒழுகுற ஊரு இது. இங்க போய் ஈரக் காத்துக்கு மிஷினான்னு..."

"ஏசிய நிறுத்திக் கண்ணாடிய எறக்கட்டுமா? அந்த லாரிப் புகை உள்ள வரும். சரியா?"

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போய் வண்டியை எடுத்தான். அவள் பெயர் இசக்கிசெல்வி என்று ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்தில் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மட்டாஞ்சேரி பஜாரில், இஞ்சிக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றான். கையில் புது மிஷின்.

"எரக்கப்பட்டு யாரும் எங்களுக்கு ஒண்ணும் வாங்கித் தர வேண்டாம்."

"உங்களுக்கு யாரு தந்தா? இது என் வண்டிக்கு." சொல்லிவிட்டுக் காருக்குப் போனான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிளாஸ் வைக்கும் குழியில் அதைப் பொருத்தினான். "செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமைதானே ஆஸ்பத்திரி? ஒம்பது மணிக்கு வருவேன். கொதிக்க வச்சு ஆறின தண்ணி நீங்க கொண்டு வாங்க. குழாத் தண்ணி ஊத்தக் கூடாதாம்... காயிதத்துல போட்டிருக்கு. நான் முழுசா வாசிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

விளம்பரத்தில் சொல்வதில் பாதி பொய். இந்தச் சாமான் மீதிப் பாதி. முதல் செவ்வாய் முழுக்க முத்துவேல் ஒரு தடவைகூட இருமவில்லை. பாண்டியராஜன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அதிசயப்பட்டான். ஒரு பிடி மேகத்தைப் பிடித்து வண்டிக்குள் விட்டாற்போல... அந்த மேகத்துக்கு நடுவே ஒரு முகம். மழைத்துளி ஜன்னலில் ஓடும்போது அதன் நிழலும் அந்தக் கன்னத்தில் ஓடியது.

ஒன்றே ஒன்றுதான் தொல்லை. முன்கண்ணாடி பனிபிடித்துப் போகும். துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

முத்துவேல் முப்பது வருஷம் பஜாரில் மூடை சுமந்த ஆள். அவர் கூப்பிட்டால் படகுத் துறை ஜெட்டியில் நிற்கிறவன் திரும்புவானாம். இப்போது உதடு மட்டும் அசையும். அதைப் படித்துச் சொல்கிறவள் இசக்கி ஒருத்திதான். அவர் சொல்வார், உடனே அவள் குரலில் அது வெளியே வரும். டாக்டருக்கும் அவள்தான் வாய், சாயாக் கடைக்கும் அவள்தான் வாய்.

பாண்டியராஜன் அவளைப் பார்க்கத்தான் கண்ணாடியைப் பார்த்தான். பக்கத்திலேயே அந்த உதடுகள். உதடு அசைந்ததும் அவள் குரல்... உதடு, குரல், உதடு, குரல். ஆறேழு செவ்வாயில் அவனுக்கே தெரியாமல் பாடம் ஏறிவிட்டது.

ஒருநாள் பெரியவர் உதட்டில் இப்படி ஓடியது: 'ஏட்டி, இந்தப் பய ரோட்டப் பாக்கானா, ஒன்னயப் பாக்கானா?'

"ரோடு... ரோடு நல்லா இருக்கான்னு கேக்காரு," என்றாள் இசக்கி.

"நல்லா இருக்கு ஐயா! ரொம்ப நல்லா இருக்கு!" என்றான் அவன். கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினான். அவள் முகம் சிவந்ததை மட்டும் பனிபிடிக்காத அந்தச் சின்னக் கண்ணாடி அவனுக்குக் காட்டிக் கொடுத்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம். கலூரில் ஒரு துணிக்கடையில் அவள் சேலை எடுத்தாள். கடைக்காரர்கள் குலுக்கல் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். இவள் பெயருக்குப் பரிசு விழுந்தது. நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் கடலை ஒரு சுற்று. மூன்று பேர் போகலாம். இப்படிப்பட்ட பரிசெல்லாம் ஏமாற்று என்றுதான் பஜாரில் எல்லோரும் சொன்னார்கள். முத்துவேல் மட்டும் அந்தக் காகிதத்தை மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டார். கழுத்துக்குப் பக்கத்தில் ஈரக் காற்று இருந்தால் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பாண்டியராஜன் பின்னால் திரும்பினான். ஊரே தெரியாத மழை.

"ஐயா, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. இசக்கியக் கட்டிக்கிடணும்னு ஆசைப்படுதேன். நீங்க சொல்லணும்."

முத்துவேலின் உதடு அசைந்தது. 'சம்மதம்டா. நல்லா இருங்க.'

மழைச் சத்தம்.

"அப்பாவுக்குச் சம்மதம் இல்லையாம்," என்றாள் அவள்.

முத்துவேல் திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண் பாண்டியராஜனை விட்டு எங்கோ போயிற்று.

அவன் இரண்டையும் பார்த்தான். உதட்டையும் பார்த்தான், குரலையும் கேட்டான். ஓ... இவளுக்குத்தான் நான் வேண்டாம். மூஞ்சிக்கு நேரே சொல்ல மனசு வராமல் அப்பா வாயைக் கடன் வாங்கிக்கொண்டாள்.

"சரி," என்றான். கதவைத் திறந்துவிட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. மிஷினும் வந்தது. ஓட்டி வந்தவன் விக்கி என்ற வேறொரு பையன்.

அவள் மனசு அவனுக்கு எப்படித் தெரியும்? போன மாதம் ஒருநாள். அவள் போர்ட் கொச்சி ஹோட்டலில் வேலைக்குப் போயிருந்தாள். முத்துவேல் தனியாகச் சாயாக் கடைக்குப் போய் வெந்நீர் கேட்டிருக்கிறார். உதடு மட்டும் அசைவதைப் பார்த்த புதுக் கடைக்காரன், கேலி பண்ணுகிறார் என்று பிடித்து வெளியே தள்ளிவிட்டான். மழையில் நின்றிருக்கிறார், மூடை மூடையாகச் சுமந்த மனுஷன். 'நான் போயிட்டா இவர் பேச்சு யாருக்குக் கேக்கும்?' அன்றைக்கு முடிவு செய்தாள். ஆசை இருந்தது. ஆசையை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

விமானத்துக்குப் போகிற காலை வந்தது. விக்கி ஹாரன் அடித்தான். முத்துவேல் புதுச் சட்டை போட்டு, வாசல்படியில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

'அவன் வந்தா வாரேன். இல்லன்னா நீயே போயிட்டு வா.'

"யப்பா, சின்னப் பிள்ள மாதிரி..."

'மூணு சீட்டு. மூணு பேரு. கணக்கு அம்புட்டுத்தான்.'

அவள் போனை எடுத்தாள். விரல் நின்று நின்று நம்பரைத் தேடியது.

"அப்பா கூப்பிடுதாரு..."

"அப்பாவா?" என்றான் அந்தப் பக்கம்.

"ம்."

"இது அவரு சொன்னதுதானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "...ஆமா."

"வாரேன்."

பாண்டியராஜன் வந்து விக்கியிடம் சாவியை வாங்கி, ஆலுவா வழியே அவனே ஓட்டினான். மிஷின் மட்டும் முணுமுணுத்தது.

விமானம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. பஜாரில் நிற்கிற மினி லாரி அளவு. பைலட் ஸாதனா முடியை இறுக்கிக் கட்டிய மலையாளப் பெண். மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொண்டு போகலாம் சேட்டா. பாதித் தண்ணி மதி, போதும். கையில பிடிச்சுக்கணும். முன்னால கண்ணாடிப் பக்கம் ஆவி வரக் கூடாது. வந்தா எனக்கு வழி தெரியாது."

"அது எனக்கு நல்லாத் தெரியும்," என்றான் பாண்டியராஜன்.

எதிரெதிர் சீட்டு. இந்தப் பக்கம் அப்பாவும் மகளும். அந்தப் பக்கம் அவன். முழங்கால் முட்டிக்கொண்டது. அவள் ஒதுக்கிக்கொண்டாள்...

இன்ஜின் உறுமியது. அம்மாடி, என்ன சத்தம்! காதில் பஞ்சு வைத்தும் நெஞ்செலும்பு அதிர்ந்தது. சக்கரம் தரையை விட்டது. பெரியாறு ஒரு வெள்ளி நூலாகச் சுருங்கியது. தென்னை மரமெல்லாம் பச்சைப் புல். பிறகு காயல்... பிறகு கடல். முடிவே இல்லாத நீலம். மேகம் பக்கத்து வீடு மாதிரி ஜன்னலோரம் நின்றது. இசக்கிக்குக் கண் நிறைந்தது. இத்தனை பெரிசா இது? இத்தனை பெரிசுக்குள்ளேயா நாம் இத்தனை சின்னதாக அடைந்து கிடந்தோம்?

"யப்பா!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

முத்துவேல் இருமினார். மேல்காற்று வறண்டது. அவள் பதறி எழப் பார்த்தாள், பெல்ட் இழுத்தது. அதற்குள் பாண்டியராஜன் இரண்டு கையாலும் மிஷினை நீட்டிவிட்டான். ஒரு மேகம் அவர் கழுத்தருகே வந்து நின்றது.

பெரியவர் உதடு அசைந்தது. 'இன்னும் கொஞ்சம் கீழ.'

அவன் இறக்கினான்.

'எடது பக்கம்... ஆங். அங்கனதான்.'

இடது பக்கம் நகர்த்தினான்.

இசக்கி உறைந்துபோனாள். நான் சொல்லவில்லையே! சொன்னாலும் கேட்டிருக்காதே!

முத்துவேல் ஜன்னலைத் தட்டினார். 'அந்தா, நான் மூடை எறக்குன ஜெட்டி.'

அவனும் உதட்டாலேயே கேட்டான். 'எது ஐயா? செவப்பு ஓடா?'

'அதுக்கு அங்கிட்டு. பெரிய கிட்டங்கி.'

'ஆமா ஆமா... தெரியுது!'

இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமே இல்லாத சிரிப்பு. கீழே கிடந்த கடல்கூட அவளை இப்படி மலைக்க வைக்கவில்லை. அப்பாவின் பேச்சு இந்த உலகத்தில் இன்னொருவருக்குக் கேட்கிறது. அவர் வாய் நான் ஒருத்திதான் என்று எத்தனை கர்வமாக, எத்தனை பயமாக இருந்தேன்!

அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் திரும்பினான். அவள் உதடு மட்டும் அசைத்தாள்.

'எப்போலேர்ந்து?'

'ரோடு நல்லா இருக்கான்னு கேட்ட அன்னைக்கு முன்னாலயே.'

அவள் முகம் குப்பென்று சிவந்தது. 'அப்போ... அன்னைக்கு அப்பா சொன்னதும்...'

'தெரியும். சம்மதம்னாரு.'

'ஏன் ஒண்ணும் சொல்லல?'

'உங்களுக்குத்தான் நான் வேண்டாம்னு நெனைச்சேன்.' அவன் கண் கலங்கியிருந்தது. மறைக்கவில்லை.

'நான் பொய் சொன்னேன். நான் போயிட்டா இவருக்கு யாரு பேசுவான்னு பயந்தேன்.'

'யாரு உங்களப் போகச் சொன்னா? மூணு பேரும் ஒரே வீட்டுல இருப்போம். நீங்க வேலைக்குப் போனா நான் பேசுதேன்.'

விமானம் சாய்ந்து திரும்பியது. வெயில் ஒரு ஜன்னலில் இறங்கி மறு ஜன்னலுக்குப் போயிற்று. அந்தச் சின்ன மேகம் பொன்னாகி அவள் முகத்தைத் தொட்டது. அவள் அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

'எனக்கு வேணும்,' என்றாள். 'நீங்க வேணும்.'

அவனுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இருந்தும் தலையைச் சாய்த்தான். 'என்ன? சரியாத் தெரியல.'

'நீங்க... வேணும்.'

'இன்னொரு தரம்?'

மேகத்துக்குள் உட்கார்ந்திருந்த முத்துவேலுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் தனக்காகப் பேசிய மகளின் தோளில் கையைப் போட்டார். எதிரே இருந்தவன் முகத்துக்கு நேராகக் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக, வாயை அகலமாகத் திறந்து, மகளுக்காக அவர் சொன்னார்.

'வே-ணு-மாம்-டா!'